ரிங் லேசர் ஜைரோவின் துல்லியத்தை உயர்த்த எங்கே கை வைக்க வேண்டும்?

கேட்டவர் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர். வளையத்தைப் பெரிதாக்குவது, டிதர் என்ற இடவல ஆட்டத்தைக் கூட்டுவது, மென்பொருளில் இரைச்சலை வடிகட்டுவது ஆகிய மூன்றில் எதைச் செய்தால் ரிங் லேசர் ஜைரோவின், அதாவது லேசரால் சுழற்சியை அளக்கும் கருவியின், செயல்திறன் அதிகம் உயரும் என்பது அவர் கேள்வி. திட்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் மூன்றுக்கும் முன்னால் ஒன்று நிற்கிறது, உங்கள் பட்டியலில் அது இல்லை: ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடி. இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல கண்ணாடி இல்லாத ஜைரோவை வேறு எதைக் கொண்டும் தேற்ற முடியாது. ஏன் என்று புரிய, நாம் அளக்கும் அளவு எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு கண்ணாடிப் பாளத்தில் முக்கோணமாகத் துளையிட்டு, மூன்று மூலைகளிலும் எதிரொளிக்கும் கண்ணாடி ஒட்டி, உள்ளே ஹீலியம்-நியான் கலவையை நிரப்பி மின்னிறக்கம் ஏற்படுத்தினால், அந்தச் சுற்றில் வலமாக ஒரு லேசர் கதிரும் இடமாக ஒரு லேசர் கதிரும் ஓடும். பாளம் அசையாமல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். பாளம் சுழன்றால் ஒரு கதிருக்குப் பாதை சற்று நீள்கிறது, மற்றதற்குக் குறைகிறது, அதிர்வெண்கள் பிரிகின்றன. 1913-இல் பிரான்சின் ஜார்ஜ் சான்யாக் காட்டிய விளைவு இதுதான். 1963-இல் ஸ்பெர்ரி நிறுவனத்தில் மாசெக்கும் டேவிஸும் இதை லேசருக்குள் கொண்டுவந்தார்கள். அதிர்வெண் வித்தியாசத்தைக் கணக்கிட, பரப்பை நான்கால் பெருக்கி, சுற்றளவாலும் அலைநீளத்தாலும் வகுத்து, சுழற்சி வேகத்தால் பெருக்கினால் போதும்.

பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் போகும் ஜைரோக்கள் ஏறக்குறைய இந்த அளவுதான். அலைநீளம் 632.8 நானோமீட்டர். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. அந்தச் சுழற்சி முழுவதும் ஜைரோவின் அச்சில் விழுந்தாலும் கிடைக்கும் விம்மல் அதிர்வெண், அதாவது இரு கதிர்களின் அதிர்வெண் வித்தியாசம், சுமார் 6.6 ஹெர்ட்ஸ்தான். லேசரின் சொந்த அதிர்வெண்ணோ 474 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதில் ஆறரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிடிக்கிறோம்.

அதுவும் போதாது. விமானம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கடல் மைலுக்குமேல் தவறக்கூடாது என்றால் ஜைரோவின் டிரிஃப்ட், அதாவது தானாக விலகும் பிழை, மணிக்கு 0.01 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மேலே சொன்ன முக்கோணத்தில் விம்மலின் ஒரு துடிப்பு என்பது 2.26 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) கோணம். மணிக்கு 0.01 டிகிரி என்றால் வினாடிக்கு 0.01 விகலை. ஆக, நாம் பொறுத்துக்கொள்ளும் பிழையின் மொத்த அளவே நான்கு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு.

இந்த இடத்தில்தான் கண்ணாடி வழி மறிக்கிறது. எவ்வளவு மழமழப்பான கண்ணாடியும் ஒளியில் ஒரு துளியைச் சிதறடிக்கும். சிதறியதில் மிகச் சிறு பங்கு வந்த வழியே திரும்பி, எதிர்த்திசையில் ஓடும் கதிரோடு கலந்துவிடும். இரண்டு கதிர்களின் அதிர்வெண்ணும் மிக நெருக்கமாக இருக்கும்போது இந்தக் கலப்பு போதும், ஒன்று மற்றதைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். 1665-இல் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் சேர்ந்து ஆடத் தொடங்கியதைப் பார்த்தாரே, அதே கதை. இரண்டு கதிரும் ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொண்டால் விம்மல் இல்லை, துடிப்பு இல்லை. ஜைரோ சுழன்றுகொண்டிருக்கும், வெளியீடு பூஜ்யம் என்று காட்டும். இதைத்தான் லாக்-இன் என்கிறோம். சாதாரணமாக மணிக்கு 100 டிகிரி என்ற அளவில் அதன் எல்லை இருக்கும். நமக்கு வேண்டியதோ 0.01. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சூத்திரம் தேவைப்படாது. டிதரை நிறுத்திவிட்டு ஜைரோவைச் சுழல் மேசையில் வைத்து, ஒளியுணர்வியின் சமிக்ஞையை ஆஸிலாஸ்கோப்பில் போடுங்கள். மேசை வேகமாகச் சுழலும்போது அழகான சைன் அலை தெரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் அலை நீளும், அது எதிர்பார்த்ததுதான். எல்லையை நெருங்கும்போது அதன் உருவமே மாறத் தொடங்கும். அலை ஓரிடத்தில் தயங்கி நிற்கும், சட்டென்று ஒரு சுற்று தாவும், மறுபடி அதே இடத்தில் தயங்கும். தயக்கம் நீண்டுகொண்டே போகும், தாவல்கள் அரிதாகும். பிறகு ஒரு கணத்தில் திரையில் நேர்கோடு. மேசை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று ஒளியுணர்வியின் கம்பி கழன்றுவிட்டது என்று நினைத்து அதைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். லாக்-இன் எல்லை பின்சிதறலின் வீச்சைப் பொறுத்தது, திறனை அல்ல. திரும்பி வரும் ஒளியின் திறன் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் லாக்-இன் பாதியாகும். சிதறும் திறன் பரப்பின் சொரசொரப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: சொரசொரப்பைப் பாதியாக்கினால் லாக்-இன் பாதியாகும். இவ்வளவு நேரான கணக்கு இந்தக் கருவியில் வேறெங்கும் கிடைக்காது.

எண்ணிலும் சொல்கிறேன். சராசரி சொரசொரப்பு 3 ஆங்ஸ்ட்ராம் இருந்தால் செங்குத்தாக விழும் ஒளியில் பத்து லட்சத்தில் 35 பங்கு எல்லாத் திசைகளிலும் சிதறும். 1 ஆங்ஸ்ட்ராம் என்றால் 4 பங்கு. அரை ஆங்ஸ்ட்ராம் என்றால் 1 பங்கு. ஆங்ஸ்ட்ராம் என்பது அணு ஒன்றின் விட்டத்தைவிடச் சிறியது. அணுவுக்கும் கீழே ஒரு பரப்பை எப்படி மழமழப்பாக்குவது என்று கேட்கலாம். இது சராசரிக் கணக்கு, ஒளிப்புள்ளி விழும் பரப்பில் கோடானுகோடி அணுக்களுக்கான சராசரி. செய்யும் முறை ஆச்சரியப்படும் அளவுக்குப் பழையது. கீல் பூசிய தட்டில் கண்ணாடித் துண்டை வைத்து, மெருகுக் குழம்பு நிரம்பிய தொட்டிக்குள் மூழ்கடித்தபடியே மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். நேரம் ஆக ஆகக் குழம்பின் துகள்கள் தேய்ந்து பொடியாகும், கண்ணாடியும் அதற்கேற்ப நயமாகும். இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் தேய்ப்பின் ஒலியிலேயே தட்டின் நிலையைச் சொல்வார்கள்.

மெருகேற்றிய துண்டின் மேல் பூச்சு வேண்டும். சிலிக்கான் டை ஆக்ஸைடும் டான்டலம் பென்டாக்ஸைடும் மாறி மாறி, ஒவ்வொன்றும் கால் அலைநீளத் தடிமனில், இருபது முப்பது அடுக்குகள். ஆரம்ப காலத்தில் இவற்றை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தார்கள். அப்படிப் படிந்த படலம் நுண்ணிய தூண்களாக வளரும், இடையில் இடைவெளி இருக்கும், அங்கெல்லாம் ஒளி சிதறும். 1970-களில் லிட்டன் நிறுவனத்தில் அயனிக் கதிரால் இலக்கை அடித்துத் தெறிக்கும் அணுக்களைப் படியவைக்கும் முறை வந்தது. வேகமாக வந்து விழும் அணுக்கள் நெருக்கமாக அடைந்து, கண்ணாடி போன்ற ஒரே சீரான படலமாகின்றன. இழப்பு பத்து லட்சத்தில் சில பங்குகளாக இறங்கியது. ரிங் லேசர் ஜைரோ ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்து 1980-களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 விமானங்களில் ஏறியதற்கு இந்தக் கண்ணாடிகளே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஈர்ப்பலைகளைப் பிடித்த லைகோவின் கண்ணாடிப் பூச்சும் இதே முறையில் வந்ததுதான். ஜைரோவுக்காகப் பிறந்த தொழில்நுட்பம் கருந்துளைகளின் மோதலைக் கேட்க உதவியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

இவ்வளவு செய்த கண்ணாடியை ஒரு தூசி கெடுத்துவிடும். ஒரு முறை நாங்கள் பூட்டிய பாளம் ஒன்றில் லாக்-இன் எதிர்பார்த்ததைப் போல் மூன்று மடங்கு இருந்தது. மின்னோட்டத்தைப் பார்த்தோம், வாயு அழுத்தத்தைப் பார்த்தோம், இரண்டு நாள் போனது. கடைசியில் அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு கண்ணாடியையும் பக்கவாட்டிலிருந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது மூன்றாவது கண்ணாடியில், ஒளிப்புள்ளியின் ஓரத்தில், சிவப்பாக ஒரு பொட்டு மின்னியது. கழற்றி, லென்ஸ் துடைக்கும் தாளில் ஒரு சொட்டு மெத்தனால் விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தோம். மறுபடி பூட்டியபோது லாக்-இன் சரியான இடத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு பூட்டுவதற்கு முன் இருட்டறையில் பார்க்காத கண்ணாடி ஒன்றையும் நான் விட்டதில்லை.

கண்ணாடியில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. மூன்று கண்ணாடிகளிலிருந்தும் திரும்பும் ஒளி அப்படியே கூடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தில் ஓர் இடம், உண்டு, மூன்று அம்புகளைப் போல. அம்புகள் ஒரே திசையில் இருந்தால் மொத்தம் பெரியது, முக்கோணமாக மூடிக்கொண்டால் கிட்டத்தட்டப் பூஜ்யம். இரண்டு கண்ணாடிகளைப் பீசோவால், அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவில் நீளும் துண்டால், நகர்த்த முடிந்தால், ஒன்றை உள்ளே தள்ளி மற்றதை வெளியே இழுத்துச் சுற்றளவை மாற்றாமலே இந்த அம்புகளைத் திருப்பலாம். தனிக் கதிரின் ஒளிச்செறிவில் விம்மல் அதிர்வெண்ணில் தெரியும் ஏற்ற இறக்கமே பின்சிதறலின் அடையாளம். அது குறையும் இடத்தைத் தேடிப் பிடித்து, வெப்பநிலை மாறினாலும் அங்கேயே நிற்கும்படி ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றை வைக்கலாம். புதிதாக ஒரு பாகமும் சேர்க்காமல் கிடைக்கும் ஆதாயம் இது.

இப்போது டிதர். கண்ணாடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் லாக்-இன் பூஜ்யமாகாது. ஹனிவெல்லின் ஜோசப் கில்பாட்ரிக் கண்ட தீர்வு முரட்டுத்தனமானது, அருமையானது: பாளத்தையே இடவலமாக ஆட்டிக்கொண்டிரு. பாளத்தின் நடுவே ஆரக்கால் வடிவ ஸ்பிரிங், அதன் மேல் பீசோ. வினாடிக்கு 400 முறை, 150 விகலை வீச்சில் ஆட்டினால் உச்ச வேகம் வினாடிக்கு 100 டிகிரியைத் தாண்டும். லாக்-இன் எல்லையோ மணிக்கு 100 டிகிரி. ஆகவே பாளம் பெரும்பாலான நேரம் பூட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆட்டத்தின் இரு முனைகளிலும் திசை திரும்பும்போது மட்டும், வினாடிக்கு 800 முறை, மின்னல் வேகத்தில் அந்த எல்லைக்குள் புகுந்து வெளியேறுகிறது.

ஒவ்வொரு முறை புகும்போதும் ஒரு சிறு கோணப்பிழை ஒட்டிக்கொள்கிறது. ஆட்டம் ஒரே சீராக இருந்தால் பிழைகளும் ஒரே மாதிரி விழுந்து குவியும். டிதர் அதிர்வெண்ணின் மடங்குகளில் சின்னச் சின்னப் பூட்டுகள் மறுபடி தோன்றும். ஆகவே ஆட்டத்தின் வீச்சில் வேண்டுமென்றே ஒழுங்கற்ற இரைச்சலைக் கலக்கிறார்கள். பிழைகள் கூட்டலும் கழித்தலுமாகச் சிதறுகின்றன, சராசரி பூஜ்யமாகிறது. விலை என்ன? குடிகாரன் நடை போன்ற ஒரு தடுமாற்றம். கோணத் தற்செயல் நடை என்று இதைச் சொல்லலாம். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இது வளரும். நம் 10 செ.மீ. முக்கோணத்துக்குக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் சுமார் 0.0016 டிகிரி, நான்கு மணி நேரத்தில் அதன் இரு மடங்கு.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. இந்தத் தடுமாற்றம் லாக்-இன் எல்லைக்கு நேர்விகிதம். டிதரின் உச்ச வேகத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் எதிர்விகிதம். டிதரை இரட்டிப்பாக்கினால் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. அதற்குள் ஸ்பிரிங்கின் களைப்பு, பக்கத்து ஜைரோவுக்கும் முடுக்கமானிக்கும் போகும் அதிர்வு, கூடுதல் மின்சாரம் என்று வேறு தொல்லைகள் வரும். கண்ணாடியின் சொரசொரப்பைப் பாதியாக்கினால் தடுமாற்றமும் பாதி, தொல்லை எதுவும் இல்லை. ஒரே பெட்டிக்குள் மூன்று ஜைரோக்கள் ஆடும்போது மூன்றின் டிதர் அதிர்வெண்ணும் சற்றே விலகியிருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் ஆட்டம் மற்றதற்குள் நுழைந்துவிடும்.

ஆட்டமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. வளையத்தை ஒரே தளத்தில் வைக்காமல் மடக்கி, உள்ளே காந்தப்புலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு கதிருக்குப் பதிலாக நான்கு அதிர்வெண்களை ஓடவிட்டு, லாக்-இன் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளும் வடிவம் அது. லிட்டனின் ஜீரோ-லாக் ஜைரோ அந்த வகை. அதிர்வே இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு வருவதால் இழப்பும் வெப்ப உணர்ச்சியும் கூடவே வருகின்றன. மாணவர் திட்டத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் ஆலோசனை.

அடுத்தது வாயு. படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி, ஆனால் டிரிஃப்டின் பாதிக் காரணங்கள் இங்கே ஒளிந்திருக்கும். இயற்கை நியானில் 90 விழுக்காட்டுக்கு மேல் நியான்-20. அதை அப்படியே நிரப்பினால், ஆதாயக் கோட்டின், அதாவது வாயு ஒளியைப் பெருக்கும் அதிர்வெண் பட்டையின், நடுவில் இரண்டு கதிரும் ஒரே அணுக்களிடம், அதாவது கதிரின் திசையில் நகராமல் நிற்கும் அணுக்களிடம், சக்தி கேட்டு நிற்கும். போட்டியில் ஒன்று வெல்லும், மற்றது அணைந்துவிடும். நியான்-20, நியான்-22 இரண்டையும் சரிபாதி கலந்தால் அவற்றின் ஆதாயக் கோடுகள் ஏறத்தாழ 880 மெகாஹெர்ட்ஸ் விலகியிருக்கும். லேசரை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு கதிருக்கும் வெவ்வேறு அணுக்கூட்டம். சண்டை தீர்ந்தது. இந்தக் கலவை விகிதம் பிசகினால் சீர்நிலை குலையும், எனவே வாயு நிரப்பும் மேசையில் அவசரம் கூடாது.

நேர்மின்னோட்டத்தில் இயங்கும் மின்னிறக்கத்தில் வாயு சும்மா நிற்பதில்லை. குழாயின் சுவரோரம் ஒரு திசையிலும் நடுவில் எதிர்த்திசையிலும் மெதுவாக ஓடும். ஓடும் வாயு ஒளியைச் சற்று இழுத்துச் செல்லும். சுழற்சியே இல்லாதபோதும் ஜைரோ சுழல்வதாகச் சொல்லும். இதற்காகத்தான் ஒரு எதிர்மின்வாயை நடுவில் வைத்து, இருபுறமும் இரண்டு நேர்மின்வாய்கள் வைக்கிறார்கள். ஒரு கையின் ஓட்டம் மற்றதை அடித்துவிட வேண்டும். இரண்டு கைகளின் மின்னோட்டமும் எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு பிழை குறையும். பழைய ஜைரோ ஒன்றின் பயாஸ், அதாவது சுழலாதபோதும் அது காட்டும் அளவு, மெல்ல நகர்வதாகத் தெரிந்தால் நான் முதலில் அளப்பது இந்த இரண்டு மின்னோட்டங்களைத்தான்.

பாளம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். 30 செ.மீ. சுற்றளவில், −40-இலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை போனால், சாதாரண ஒளியியல் கண்ணாடி 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது 300 அலைநீளங்களுக்கும் அதிகம். ஷாட் நிறுவனத்தின் ஜீரோடூர் போன்ற கண்ணாடிப்பீங்கான் அதே மாற்றத்தில் ஓர் அலைநீள அளவுதான் நீளும், அதைப் பீசோ கண்ணாடி எளிதாகச் சரிசெய்துவிடும். ஹீலியம் அதன் வழியே எளிதில் கசிவதில்லை என்பது இன்னொரு நன்மை. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் வெப்பப் பிழையை, வெப்ப அறையில் பல நாள் ஓட்டி, வெப்பநிலைக்கும் அது மாறும் வேகத்துக்கும் சேர்த்து ஒரு திருத்தச் சமன்பாடு எழுதிக் கழிக்கிறோம். வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்க மியூ-மெட்டல் என்ற உலோகக்கலவையின் உறை போதும்.

மென்பொருளைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. வடிகட்டி போட்டால் வரைபடம் வழவழப்பாகும், ஜைரோ அப்படியேதான் இருக்கும். மென்பொருள் உண்மையிலேயே உதவுவது இரண்டு இடங்களில். ஒன்று, டிதர் ஆட்டத்தை வெளியீட்டிலிருந்து பிரித்தெடுப்பது. இன்னொன்று, எந்த நோய்க்கு மருந்து கொடுக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஆலன் மாறுபாடு என்ற, இரைச்சலை வகை பிரித்துக் காட்டும் கணக்கு இருக்கிறது. ஜைரோவை அசையாத மேடையில் வைத்துப் பல மணி நேரத் தரவை எடுத்து, சராசரி எடுக்கும் கால அளவை ஒரு அச்சிலும் அதன் வர்க்கமூலமான ஆலன் விலக்கத்தை மற்றதிலும் மடக்கை அளவில் வரையுங்கள். கோடு அரை சரிவில் இறங்கும் பகுதி தற்செயல் நடை: கண்ணாடியையும் டிதரையும் பாருங்கள். தட்டையான அடிப்பகுதி பயாஸின் நிலையின்மை: மின்னோட்டத்தையும் சுற்றளவுக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். வலப்பக்கம் மேலே ஏறினால் பெரும்பாலும் வெப்பநிலை. இந்த வரைபடம் இல்லாமல் எதையும் மாற்றத் தொடங்காதீர்கள்.

கடைசியாக, பெரிதாக்குவது. சூத்திரப்படி பக்கத்தை இரட்டித்தால் விம்மல் இரட்டிக்கும். சுற்று நீள நீளப் பின்சிதறலின் பிடியும் தளரும். போதிய அளவு பெரிதானால் பூமியின் சுழற்சியே ஜைரோவைப் பூட்டுக்கு வெளியே வைத்துவிடும், டிதரே தேவையில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே கேஷ்மியர் குகையில் இருந்த சி-2 வளையம் 1 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அசையாமல் நின்றபடியே 79.4 ஹெர்ட்ஸ் காட்டியது. ஜெர்மனியின் வெட்செல்லில் 2001 முதல் இயங்கும் ஜி வளையம் 4 மீட்டர் பக்கம், 348.5 ஹெர்ட்ஸ்.

அப்படியானால் இன்னும் பெரிதாக்கலாமே? செய்து பார்த்தார்கள். அதே கேஷ்மியர் குகையில் யூஜி-2 என்று 834 சதுர மீட்டர் பரப்பில் ஒன்றைக் கட்டினார்கள். விம்மல் 2,170 ஹெர்ட்ஸைத் தாண்டியது. ஆனாலும் பதினாறே சதுர மீட்டருள்ள ஜி-யின் துல்லியத்தை அது எட்டவில்லை. 120 மீட்டர் சுற்றில் ஒளிப்புள்ளி விரிகிறது, இழப்பு கூடுகிறது. குழாய்கள் குகைச் சுவரைச் சார்ந்து நிற்கின்றன, சுவர் நெளிந்தால் சுற்றளவும் நெளிகிறது. சுற்று நீள நீள லேசர் ஓடக்கூடிய அதிர்வெண்கள் நெருங்கி வந்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகின்றன. ஜி-யில் அடித்தளம் 4.25 மீட்டர் விட்டமுள்ள ஒற்றை ஜீரோடூர் பாளம். காற்றழுத்தம் மாறினால்கூடச் சுற்றளவு மாறாதபடி எல்லாவற்றையும் அழுத்தக் கலத்துக்குள் வைத்திருக்கிறார்கள். லேசரை எரியும் எல்லைக்குச் சற்றே மேலே, நானோவாட் கணக்கில், ஒற்றை அதிர்வெண்ணில் ஓட்டுகிறார்கள். வாயு ஓட்டம் வராதிருக்க ரேடியோ அதிர்வெண் மின்புலத்தால் எரியவைக்கிறார்கள். மீதமிருக்கும் பின்சிதறலைத் தனிக் கதிர்களின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிட்டுக் கழிக்கிறார்கள்.

அந்த அளவில் வேறொரு பிரச்சினை தலைதூக்குகிறது: தரை சாய்வது. வெட்செல்லின் அட்சரேகையில் வடக்குத்-தெற்காக ஒரு மைக்ரோரேடியன் சாய்ந்தால், அதாவது ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 1 மில்லிமீட்டர் தூக்கினால், விம்மலில் ஏற்படும் மாற்றம் ஒரு நாளின் நீளம் 75 மில்லிவினாடி மாறியதற்குச் சமம். பூமியின் நாள் நீளம் உண்மையில் மாறுவது மில்லிவினாடி அளவில்தான். எனவே ஜைரோவின் மேலேயே சாய்வுமானிகளை வைத்து ஒவ்வொரு கணமும் திருத்துகிறார்கள். இத்தனை பாடுபட்டதால்தான் 2011-இல் ஜி வளையம் பூமியின் அச்சு ஆடும் சாண்ட்லர் அசைவை நேரடியாக அளந்தது, 2023-இல் நாள் நீளத்தின் மாற்றத்தைச் சில மில்லிவினாடித் துல்லியத்தில் காட்டியது. விமானத்துக்கும் ஏவுகணைக்கும் இந்த வழி இல்லை. 2011 நவம்பரில் சோதிக்கப்பட்ட அக்னி-4 ரிங் லேசர் ஜைரோவை நம்பித்தான் பறந்தது. அங்கே இடம் கையளவுதான், எனவே மறுபடி கண்ணாடிக்கே வர வேண்டியிருக்கிறது.

உங்கள் திட்டத்துக்கு நான் சொல்வது இது. கண்ணாடி செய்யும் வசதி கல்லூரியில் இருக்காது, ஆனால் லாக்-இன்னைக் கணினியில் முழுமையாகப் பார்க்கலாம். சமன்பாடு ஒரே வரி: இரு கதிர்களின் கட்ட வித்தியாசம் மாறும் வேகம், சுழற்சி தரும் விம்மலிலிருந்து, லாக்-இன் அளவைக் கட்ட வித்தியாசத்தின் சைனால் பெருக்கியதைக் கழித்தால் வருவது. இரண்டையும் ரேடியனில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தந்த 10 செ.மீ. முக்கோணத்தின் எண்களைப் போட்டு, டிதரைச் சேருங்கள். டிதரின் உச்சத்தில் விம்மல் 160 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும், எனவே கணக்கின் ஒவ்வொரு நேரப் படியும் மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் கணினியே பொய்யான பூட்டுகளை உருவாக்கும். முதலில் சீரான டிதரில் ஓட்டுங்கள். உள்ளீடு பூஜ்யத்துக்கு அருகே இருக்கும்போது மணிக்குச் சில டிகிரி அகலத்தில் ஒரு தட்டை தெரியும். பிறகு வீச்சில் சிறிது இரைச்சல் கலந்து ஓட்டுங்கள், தட்டை மறைந்து நேர்கோடு வரும். மூன்றாவதாக லாக்-இன்னை மட்டும் பாதியாக்கி, நான்காவதாக டிதரை மட்டும் இரட்டித்து, இரண்டின் ஆலன் வரைபடங்களையும் ஒரே தாளில் வரையுங்கள். எந்தக் கோடு எவ்வளவு கீழே இறங்கியது என்பதை அளந்து அறிக்கையில் எழுதுங்கள்.